பட்ஜெட் நிறைவேறிய பின் பணம் என்னவாகிறது? பீகார் தணிக்கை அறிக்கை எழுப்பும் கேள்விகள்

மாநில அரசின் பட்ஜெட் சட்டப்பேரவையில் நிறைவேறியதும், எந்தத் துறைக்கு எத்தனை கோடி என்ற விவாதம் பெரும்பாலும் அத்துடன் அடங்கிவிடுகிறது. ஆனால், ஒதுக்கிய தொகை செலவிடப்பட்டதா, செலவுக்குச் சான்று உள்ளதா என்ற கேள்விகள் அதன் பின்னரே தொடங்குகின்றன. பீகாரின் 2023-24ஆம் நிதியாண்டுக் கணக்குகள் குறித்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இந்த அறிக்கை 2025 ஜூலையில் அம்மாநிலப் பேரவையில் தாக்கல் செய்யப்பட்டது.

அந்த ஆண்டில் பீகாரின் மொத்த பட்ஜெட் ஒதுக்கீடு ரூ.3.26 லட்சம் கோடி. செலவானது ரூ.2.60 லட்சம் கோடி, அதாவது 79.92 சதவீதம். இதைவிட அதிகக் கவனம் பெற்றது மற்றொரு விவரம். 2024 மார்ச் 31 நிலவரப்படி, ரூ.70,877 கோடிக்கான 49,649 பயன்பாட்டுச் சான்றிதழ்கள் நிலுவையில் இருந்தன.

பயன்பாட்டுச் சான்றிதழ் என்றால் என்ன?

குறிப்பிட்ட பணிக்காக ஊராட்சிகள், நகராட்சிகள், கல்வி அமைப்புகள் போன்றவற்றுக்கு அரசு மானியம் வழங்குகிறது. கருவூலத்திலிருந்து தொகை விடுவிக்கப்பட்ட உடனேயே, அரசுக் கணக்கில் அது செலவாகப் பதிவாகிவிடும். ஆனால், அந்தப் பணத்தில் வகுப்பறை கட்டப்பட்டதா, சாலை போடப்பட்டதா என்பதை அந்தப் பதிவு காட்டாது. தொகை உரிய நோக்கத்துக்கே பயன்பட்டது என்று பெற்றவர் எழுத்துப்பூர்வமாக உறுதி அளிக்கும் ஆவணமே பயன்பாட்டுச் சான்றிதழ்.

பீகாரின் நிலுவையில் ஊராட்சித் துறையின் பங்கு ரூ.28,154 கோடி. கல்வித் துறைக்கு ரூ.12,623 கோடியும், நகர்ப்புற மேம்பாட்டுத் துறைக்கு ரூ.11,065 கோடியும் நிலுவையில் இருந்தன. மொத்த நிலுவையில் ரூ.14,452 கோடி, 2016-17 வரையிலான காலத்துக்கு உரியது.

சான்றிதழ் வரவில்லை என்பதாலேயே முறைகேடு நடந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. பணி முடிந்தும் ஆவணம் அனுப்பப்படாமல் இருக்கலாம். ஆயினும், சான்றிதழ் இல்லாத நிலையில் நிதி உரிய நோக்கத்துக்குச் செலவானதாக உறுதி கூற முடியாது என்றும், நிலுவை பெருகுவது கையாடலுக்கும் நிதி திசைதிருப்பலுக்கும் இடமளிக்கக்கூடும் என்றும் சிஏஜி அறிக்கை எச்சரிக்கிறது.

பட்ஜெட்டில் மூன்று வகை எண்கள்

பட்ஜெட் ஆவணத்தில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என மூன்று வகை எண்கள் இடம்பெறுகின்றன. முதலாவது, வரும் ஆண்டுக்கான அறிவிப்பு. இரண்டாவது, நடப்பு ஆண்டின் போக்கைக் கண்டு மாற்றப்பட்ட கணிப்பு. மூன்றாவது, முடிந்துபோன ஆண்டின் கணக்கு. எடுத்துக்காட்டாக, 2024-25 பட்ஜெட்டில் 2022-23ஆம் ஆண்டின் உண்மைச் செலவையே காண முடியும். ஒரு திட்டத்துக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை அறிவிக்கப்பட்டு, உண்மைச் செலவு தொடர்ந்து குறைவாகவே இருந்தால், அந்த அறிவிப்பு ஏட்டளவில் நிற்கிறது என்பது பொருள்.

கண்காணிப்பது யார்?

அரசியலமைப்பின் 202ஆவது பிரிவின்படி, ஆண்டு நிதிநிலை அறிக்கை பேரவையில் வைக்கப்படுகிறது. 203, 204ஆவது பிரிவுகளின் கீழ் மானியக் கோரிக்கைகளுக்கும் நிதி ஒதுக்க மசோதாவுக்கும் பேரவை ஒப்புதல் அளிக்கிறது. ஒப்புதல் பெற்ற தொகையைவிடக் கூடுதலாகச் செலவானால், 205ஆவது பிரிவின்படி அதற்கும் பேரவையின் ஒப்புதல் தேவை. செலவை சிஏஜி தணிக்கை செய்து ஆளுநரிடம் அறிக்கை அளிக்கிறார். அது பேரவையில் வைக்கப்பட்ட பின், எம்எல்ஏக்கள் அடங்கிய பொதுக் கணக்குக் குழு ஆய்வு செய்து, துறைச் செயலாளர்களிடம் விளக்கம் கேட்கிறது.

மாட்டுத்தீவன ஊழல் தரும் பாடம்

இந்த ஏற்பாடு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு பீகாரிலேயே முன்னுதாரணம் உண்டு. 1996 ஜனவரியில், தற்போது ஜார்க்கண்டில் உள்ள சாய்பாசாவில் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகங்களில் நடந்த சோதனையில் மாட்டுத்தீவன ஊழல் வெளிப்பட்டது. வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலி ரசீதுகள் மூலம் கருவூலங்களிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தது. பேரவை ஒதுக்கிய தொகையைவிட அத்துறையின் செலவு பல ஆண்டுகளாக அதிகமாக இருந்தது. ஒதுக்கீட்டையும் செலவையும் ஒப்பிட்டு உரிய காலத்தில் நடவடிக்கை எடுத்திருந்தால், இழப்பைக் குறைத்திருக்க முடியும். பாட்னா உயர் நீதிமன்றம் 1996 மார்ச்சில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. சாய்பாசா கருவூலம் தொடர்பான வழக்கில் முன்னாள் முதல்வர் லாலு பிரசாத் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது 2013இல். இடையில் 17 ஆண்டுகள் கடந்திருந்தன.

காலக்கெடு இல்லாத கடமை

தணிக்கை அறிக்கையைப் பேரவையில் வைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 151ஆவது பிரிவு கூறினாலும், எத்தனை நாட்களுக்குள் என்று வரையறுக்கவில்லை. யூனியன் பிரதேசமான டெல்லியில் 14 சிஏஜி அறிக்கைகள் தாக்கலாகாமல் இருந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆட்சி மாற்றத்துக்குப் பின், 2025 பிப்ரவரி 25 அன்று மதுபானக் கொள்கை குறித்த அறிக்கை முதலாவதாகத் தாக்கல் செய்யப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து வரும் அறிக்கை தவறைச் சுட்டிக்காட்டலாம். ஆனால், செலவான பணத்தை மீட்பது கடினம்.

மக்களின் பங்கு

செலவான பின் கோப்புகளைப் பார்ப்பது மட்டும் போதாது என்ற எண்ணத்தில் உருவானதே சமூகத் தணிக்கை. மேகாலயா 2017இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது. திட்டப் பயனாளிகளே கூடி, ஆவணத்தில் உள்ளதையும் களத்தில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்க்க இது வழிசெய்கிறது.

மாநிலங்களின் வரவு, செலவு, கடன் ஆகியவற்றின் மாதாந்திர விவரங்களையும் சிஏஜி தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. பட்ஜெட் அறிவிப்புகளுடன் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு ஆண்டுகள் காத்திராமல் நிதியாண்டு முடியும் முன்பே மாநில நிதியின் போக்கை அறியலாம். குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கான நிதி எங்கே சென்றது என்பதை அறிய விரும்புவோர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பயன்பாட்டுச் சான்றிதழின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.