சைக்கிளுக்கு ஸ்பிரிங் வேண்டுமா, காற்றே போதுமா?

“சார், கடையில் இரண்டு சைக்கிள் பார்த்தோம். ஒன்றில் முன்னால் ஸ்பிரிங் இருக்கு. விலை நூறு ரிங்கிட் கூட. எதை வாங்கலாம்னு அப்பா கேட்கச் சொன்னார்.”

கேட்டவன் படிவம் 3 மாணவன். ஈப்போவுக்கு வெளியே, ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று செம்பனைக் காடாகிவிட்ட இடத்தில் அவன் வீடு. பள்ளிக்கு வரும் வழியில் பாதி செம்மண், பாதி தார். அப்பா மாதக்கணக்கில் சேர்த்த பணம். பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் பார்த்த இரண்டுமே ‘ஹைபிரிட்’ வகை. சாலையில் ஓட ஏற்ற பெரிய சக்கரமும் மலைச் சைக்கிளைப் போன்ற நேரான ஹேண்டலும் கொண்டவை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில்தான் வித்தியாசம்.

ஸ்பிரிங் ஃபோர்க் எப்படி வேலை செய்கிறது? சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் சுருங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. சேமித்ததை உடனே திருப்பித் தந்தால் சைக்கிள் பந்துபோலத் துள்ளும். அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி அடக்க ஒரு தணிப்பான் வேண்டும். கப்சாய் மோட்டார்சைக்கிளின் முன் ஃபோர்க்கில் இருக்கும் எண்ணெய்க்கு அதுதான் வேலை. மலிவான சைக்கிள் ஃபோர்க் பலவற்றில் இந்தப் பகுதி இருப்பதில்லை. உள்ளே இருப்பது இரும்புச் சுருளும் உராய்வும் மட்டுமே.

உராய்வு இன்னொரு தொல்லையும் தருகிறது. தார்ச்சாலையின் சிறுசிறு அதிர்வுகளே கையை மரத்துப்போகச் செய்பவை. அந்தச் சிறிய விசைக்கு மலிவான ஃபோர்க் அசையாது. ஆனால் மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் மட்டும் நன்றாக அசையும்! நம் கால் பலத்தில் ஒரு பகுதி அங்கே வீணாகிறது. மேலும், உடல் எடையின் பெரும்பகுதி இருக்கையில்தான் இறங்குகிறது. அங்கே வரும் குலுக்கலுக்கு முன் ஃபோர்க் அதிகம் உதவாது.

எடை? இத்தகைய ஃபோர்க் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல். சாதாரண இரும்பு ஃபோர்க் ஏறக்குறைய 1 கிலோ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால், கூடுதல் 1 கிலோ பெரிய சுமையல்ல. பராமரிப்புதான் சிக்கல். நம் ஊர் மழையும் செம்மண் சேறும் உள்ளே புகுந்தால் துரு பிடித்து இறுகிவிடும். பிறகு அது கனமான சாதாரண ஃபோர்க்தான்.

சரி, குலுக்கலை எது தாங்கும்? டயரில் உள்ள காற்று. 1887-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்து கொடுத்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1877-இல், நம் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. பால் வாளியுடன் நம் தாத்தாமார் தோட்டத்துச் சாலைகளில் ஓட்டிய கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் இல்லை. இருக்கையின் கீழே ஸ்பிரிங், சக்கரத்தில் காற்று, அவ்வளவுதான்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. அகலமான டயர் அதே எடையைக் குறைந்த காற்றழுத்தத்தில் தாங்கும். எனவே மென்மையாக ஓடும். ஹைபிரிட் சைக்கிளுக்கு 40 மில்லிமீட்டர் அளவிலான டயர் நல்ல தேர்வு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் காற்றடியுங்கள். மிகவும் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

ஸ்பிரிங் ஃபோர்க் வீண் என்று சொல்லவில்லை. மழை அரித்த பள்ளம், வேர், கல் நிறைந்த பாதையில் வேகமாகப் போகிறவர்களுக்கு நல்ல ஃபோர்க் அவசியம். அதில் எண்ணெய்த் தணிப்பானும், தேவையில்லாதபோது பூட்டும் வசதியும் இருக்க வேண்டும். அதற்கு விலையும் கூடும்.

கடையில் ஒரு சோதனை செய்யலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டலை அழுத்திச் சட்டென விடுங்கள். ‘டக்’ என்று மேலே துள்ளினால் தணிப்பான் இல்லை, அல்லது பலவீனம். நிதானமாக எழுந்தால் பரவாயில்லை.

மாணவனும் அப்பாவும் அப்படியே அழுத்திப் பார்த்தார்களாம். துள்ளியது. ஸ்பிரிங் இல்லாததையே எடுத்தார்கள். மிச்சமான நூறு ரிங்கிட்டில் ஒரு தலைக்கவசமும் முன், பின் விளக்குகளும் வந்தன. விடிவதற்குள் வீட்டைவிட்டுப் புறப்படும் பிள்ளைக்கு ஸ்பிரிங்கைவிட விளக்குதான் முக்கியம்.