ஏரிக்கரை மண்ணின் ஈரமும் இறுக்கமும்

கோடையில் ஏரிக்கரைக்குப் புதுமண் இட்டு உயர்த்துங்கால், இட்ட மண் எத்தனை கன அளவு என்பதை யாவரும் அளக்கின்றனர். அது எவ்வளவு இறுகியது என்பதை அளப்போர் சிலரே. தளர்ந்த மண்ணாலாகிய கரை, ஏரி நிரம்பியவுடன் அமிழ்ந்து தணியும். சந்துகளின் வழியே கசியும் நீர் மண்ணை அரித்துத் துவாரமாக்கிக் கரையை உடைத்துவிடவுங் கூடும். அப்பால் ஆயக்கட்டு நிலங்களுக்கு நேருங் கதியை நிலச்சுவான்தார்களுக்கு விவரிக்க வேண்டுவதில்லை.

மண்ணை இறுக்குவதற்கு ஈரமே பிரதானம். உலர்ந்த மண்ணை எத்தனை முறை திமிசு கொண்டு இடிப்பினும் கட்டிகள் ஒன்றோடொன்று சேரமாட்டா. நீர் மிகுந்த மண்ணோ, சந்துகளை நீரே அடைத்துக்கொள்வதால், ஒருபுறம் அமுங்கி மறுபுறம் பிதுங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் ஈரப்பதத்திலேயே, அதே உழைப்புக்கு மண் மிக நெருங்கிப் படிகின்றது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடிநீருக்காக மண் அணைகள் கட்டிய பிராக்டர் என்னும் எஞ்சினியர் இதனை 1933-ல் விளக்கி எழுதினார். அவர் பெயரால் வழங்குஞ் சோதனையே அந்த ஈரத்தையும், அதற்குரிய உச்ச இறுக்கத்தையும் நமக்குக் காட்டுவது.

கரையில் அளக்கும் முறை கடினமன்று. 10 செ.மீ. உள்விட்டமும் சுமார் 13 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு உருளை 1,000 கன செ.மீ. கொள்ளும். அதனைக் கெட்டித்த படையில் முழுதும் இறக்கி, சுற்றிலுந் தோண்டியெடுத்து, இரு முனைகளையும் சமமாகச் சீவி நிறுக்க. உருளை நீங்கலாக மண் 2,000 கிராம் என்க. அதில் 100 கிராம் எடுத்து, 105 முதல் 110 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த, 88 கிராம் எஞ்சியதெனில் போன நீர் 12 கிராம். ஈரத்தை உலர்மண்ணின் எடைக்கே கணக்கிடுவது விதியாதலால், அது 12 சதவீதமன்று, 13.6 சதவீதமாம். உருளையிலிருந்த உலர்மண் 1,760 கிராம். சோதனைச்சாலையில் அதே மண்ணுக்கு, அதே கன அளவில், கண்ட உச்சம் 1,800 கிராம் எனில், கரை 97.8 சதவீதம் இறுகியுள்ளது. 95-க்குக் குறையலாகாதென ஒப்பந்தங்களில் விதிப்பது சாதாரணம்.

சரளை மண்ணில் உருளை இறங்காது. அங்கே சிறு குழி பறித்து, எடுத்த மண்ணை நிறுத்து, கன எடை அறிந்த உலர்மணலால் குழியை நிரப்பி அதன் கொள்ளளவைக் காணவேண்டும். அச்சமயம் அருகில் ரோலர் ஓடலாகாது. அதிர்ச்சியால் மணல் நெருங்கிக் குழி பெரிதெனக் காட்டும்.

மண்ணைக் கையிற் பிடித்துருட்டிப் பதம் பார்க்கும் பழைய வழக்கம் இகழத்தக்கதன்று. தண்ணீர் தெளிப்பவனுக்கு அதுவே உடனடித் துணை. ஆயினும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் பட்டுவாடா செய்யுமிடத்து அது சாட்சியாகாது.

வேலை முடிந்தபின் மேற்படையை மட்டுஞ் சோதிப்பதிற் பயனில்லை. ஒரு படை தேறிய பின்னரே அடுத்ததை இட அனுமதிக்க. மதகையொட்டிய இடத்தை ரோலர் அணுகாது. ஆட்களும் அவ்விடத்தில் அவசரமாய் இடித்துப் போய்விடுவர். கிராம உத்தியோகஸ்தர் முதல் உருளையை அங்கே இறக்கச் சொல்வாராக.