நம்பிக்கையா, நடத்தையா? – காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

"சாமி கும்பிடுறவன் எல்லாம் நல்லவனும் இல்ல, கும்பிடாதவன் எல்லாம் கெட்டவனும் இல்ல. நடத்தைதாங்க முக்கியம்."

இந்த வசனத்தைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆத்திகரும் சொல்வார், நாத்திகரும் சொல்வார். இப்படி எல்லாரும் தலையாட்டுகிற வாக்கியம் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அதில் முக்கியமான ஏதோ ஒன்று சொல்லாமல் விடப்பட்டிருக்கும். அது என்ன என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு ஆய்வு. டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடத்தி, 1973இல் வெளியிட்டது. பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். யார் நின்று கவனிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். "ஏற்கெனவே லேட், ஓடுங்க" என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையை மனசில் வைத்திருந்தது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. ஒருவர் எந்த விதமான பக்தர் என்பதை வைத்து அவர் நிற்பாரா மாட்டாரா என்று கணிக்கவும் முடியவில்லை.

அப்போ நம்பிக்கைக்கு வேலையே இல்லையா? அவசரப்பட வேண்டாம். நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

எண்ணூருக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் கழிமுக நீரும் சூழ்ந்த மணல்மேடு காட்டுப்பள்ளி. சென்னைக்காரர்களுக்கு 2010இல் திறந்த கடல்நீர்க் குடிநீர் ஆலையால் அறிமுகமான பெயர். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. அப்புறம் எல் அண்ட் டி கட்டி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன துறைமுகம். இதே கரையோரமாக வடக்கே போனால் பழவேற்காடு ஏரி.

பழவேற்காட்டுக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தார்கள். கத்தோலிக்கர்கள். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். இவர்கள் புராட்டஸ்டன்ட். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இந்த இரண்டு தரப்புக்கும் இருந்த பெரிய வழக்குகளில் ஒன்று நம்ம தலைப்பேதான்: மனிதன் கடைத்தேறுவது விசுவாசத்தால் மட்டுமா, நற்செயலும் சேர வேண்டுமா? கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் சபைகளும் இதில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 வரை ஆனது.

ஆனால் வங்கக் கடலோரத்தில் அந்த வழக்கால் என்ன வித்தியாசம் வந்தது? போர்த்துகீசியரும் மனிதர்களைப் பிடித்து விற்றார்கள், டச்சுக்காரர்களும் விற்றார்கள். 17ஆம் நூற்றாண்டில், குறிப்பாகப் பஞ்ச காலங்களில், பழவேற்காடு உள்ளிட்ட சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் பத்தாவியா போன்ற இடங்களுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். "விசுவாசமே போதும்" என்றவரும் ஏற்றினார், "நற்செயலும் வேண்டும்" என்றவரும் ஏற்றினார். ஏற்றப்பட்டவர்கள் அந்த நற்செயலின் கணக்கில் வரவே இல்லை. கடவுளைப் பற்றிய நம்பிக்கை இரண்டு பேருக்கும் வேறு. 'யார் மனுஷன்' என்பதைப் பற்றிய நம்பிக்கை ஒன்றே.

இதே ஏரியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை போடுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. நல்ல இடம் ஒருத்தருக்கே போய்விடாது, இன்று எனக்கு, நாளை உனக்கு. சர்க்கார் சட்டம் எதுவும் இல்லாமல், ஊர்க் கட்டுப்பாட்டிலேயே நடந்து வந்தது. ஆய்வாளர்கள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். பாடு உரிமை உள்ள குப்பங்களில் கோட்டைக்குப்பமும் உண்டு, நடுவூர் மாதா குப்பமும் உண்டு. அம்மனைக் கும்பிடுகிறவரும் மாதாவைக் கும்பிடுகிறவரும் ஒரே தண்ணீரை முறைபோட்டுப் பங்கிட்டார்கள். "நீ யாரைக் கும்பிடுற?" என்று பாடு கேட்பதில்லை. நடத்தைதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாமியைக் கேட்காத பாடு, பிறப்பைக் கேட்கும். மரபுப்படி அது பட்டினவர் சாதிக்கு உரியது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் தலித் மக்களுக்கோ, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கோ அந்தப் பங்கில் இடம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கிடையே அத்தனை நியாயமான ஏற்பாடு, வெளியே இருப்பவருக்கு மூடிய கதவு. இது பழவேற்காட்டுக்கு மட்டுமான குறை இல்லை. சங்கம், அலுவலகம், அபார்ட்மெண்ட் என்று நாம் 'நல்ல நடத்தை' என்று பாராட்டுவதில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது.

ஆக, அந்த வசனத்தில் விட்டுப்போன சொல் 'யாரிடம்?' என்பது. நடத்தைதான் முக்கியம், சரி. யாரிடம் நடந்துகொண்ட நடத்தை?

இந்த வட்டத்தைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வைக்கம் ஒரு நல்ல பாடம். 1924 மார்ச் 30இல் தொடங்கிய அந்தப் போராட்டம் கோயிலுக்குள் போவதற்கானதுகூட இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கானது. முன்னின்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஜோசப், கிறிஸ்தவர். இது இந்துக்களின் வேலை, அவர்களே செய்யட்டும் என்று காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து போராட்டக்காரர்களுக்கு இலவசச் சமையலறை நடத்தினார்கள். காந்திக்கு அதிலும் உடன்பாடு இல்லை. காந்தியின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது: தவறு செய்த சமூகம்தான் அதைத் திருத்த வேண்டும், வெளியாள் நுழைந்தால் விஷயம் மதச்சண்டையாகிவிடும். ஆனாலும் தெருவில் நடக்க முடியாதவர்களின் பக்கத்திலிருந்து யோசித்தால், கூட நிற்பவர் எந்த மதம் என்பதா முதல் கேள்வி?

ஈரோட்டிலிருந்து போனார் பெரியார். அப்போது அவர் காங்கிரஸ்காரர், பின்னாளில் நாடறிந்த நாத்திகர். எந்தத் தெருவும் அவருக்கு மூடப்பட்டிருக்கவில்லை. மற்றவர்கள் நடப்பதற்காக இரண்டு முறை சிறை போனார்.

"பாத்தீங்களா, நாத்திகர்தான்!" என்று யாராவது துள்ளுவதற்கு முன்னால் வடலூருக்கும் போய்வந்துவிடலாம். வள்ளலாரைவிடப் பெரிய நம்பிக்கையாளரைக் காட்ட முடியாது. 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. புலால் உண்பவரை அவர் 'புறவினத்தார்' என்றே வகைப்படுத்தினார். அவரிடமும் ஒரு கோடு இருந்தது. ஆனால் பசியாற்றுவது மட்டும் அந்தப் புறவினத்தாருக்கும் உண்டு என்றார். தன் கொள்கைக்கு நேர் எதிராக வாழ்கிறவனுக்கும் இலை போட வேண்டும் என்பதுதான் அவர் கொள்கை.

ஒருவர் கடவுளை விட்டவர், ஒருவர் கடவுளில் கரைந்தவர். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள்: 'நம்ம ஆள்' என்ற கோட்டுக்கு வெளியே இருப்பவனிடம். அதனால் நம்பிக்கை முக்கியமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரொம்ப முக்கியம். ஆனால் நடத்தையைத் தீர்மானிக்கும் நம்பிக்கை கடவுள் உண்டா இல்லையா என்பது அல்ல. யாருடைய கஷ்டம் கஷ்டமாகக் கணக்கில் வரும் என்பது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் அது நம்பிக்கை என்றே நமக்குத் தெரிவதில்லை.

இது காட்டுப்பள்ளியில் இன்றைய கேள்வியும்கூட. துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்து, இரண்டு முறையும் தள்ளிவைத்தார்கள். கரை அரிக்கும், மீன்வளம் போகும் என்று எதிர்ப்பவர்களில் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் போகிறவர்களும் உண்டு, எதற்கும் போகாதவர்களும் உண்டு. சாமி அங்கே பிரச்சினையே இல்லை. சேற்றில் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணின் நஷ்டமும் படகு வைத்திருப்பவரின் நஷ்டத்தோடு ஒரே பட்டியலில், ஒரே வரிசையில் எழுதப்படுமா? நான் பார்க்க விரும்புவது அந்தப் பட்டியலைத்தான்.