பஞ்சாயத்துக் கணினியில் யாருக்கு எந்தக் கதவு?

கிராமப் பஞ்சாயத்துக்களின் கணக்கு வேலை பெரும்பாலும் பேரேட்டிலிருந்து கணினிக்கு வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று, பிரதமர் தொடங்கிவைத்த 'இ-கிராம் ஸ்வராஜ்' என்னும் இணைய அமைப்பில் பஞ்சாயத்தின் திட்டம், வரவு செலவு, வேலையின் முன்னேற்றம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் பதிவாகின்றன. மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து ஒரு குடிநீர்க் குழாய்க்கோ ஒரு சிறுபாலத்திற்கோ பணம் பட்டுவாடாவாக வேண்டுமாயின், அது இவ்வழியாகவே செல்கின்றது.

இவ்வளவு பெரிய மாறுதல் வந்துள்ளபோதும், அங்கத்தினர்களிற் பலர், "கணினி செயலருடைய வேலை, நமக்கு அதில் என்ன இருக்கின்றது?" என்று ஒதுங்கிவிடுவதைக் காண்கின்றோம். தட்டச்சு செய்வது செயலருடைய வேலைதான். ஆனால் அந்த அமைப்பினுள் எவர் நுழையலாம், நுழைந்தவர் எதைப் பார்க்கலாம், எதை எழுதலாம், எதற்கு ஒப்பமிடலாம் என்பவை முற்றிலும் நிர்வாகத்தைச் சேர்ந்த கேள்விகள். இவற்றை அங்கத்தினர் அறியாதிருப்பது, ஊர்க் கோயில் நகைப்பெட்டியின் சாவி எவரிடம் உள்ளது என்பதை ஊரார் அறியாதிருப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினி அமைப்பினுள் ஒருவர் நுழைவதற்கென அவருக்குத் தரப்படும் பெயரும் இரகசியச் சொல்லும் சேர்ந்ததே 'லாகின்' என வழங்கப்படுகின்றது. நுழைந்தபின் திரையில் வரிசையாகத் தோன்றும் வேலைப் பட்டியலுக்கு 'மெனு' என்று பெயர். ஓட்டல்களில் வழங்கும் அதே சொல்தான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் இரவு உணவுக்கு அமர்ந்தால், பரிமாறுபவர் ஒரே மூச்சில் இருபது பண்டங்களின் பெயரை ஒப்பித்துவிடுவார். கேட்டவரோ இறுதியில் இட்டிலியும் பரோட்டாவுமே கேட்பார். கணினித் திரையிலும் இதுவே நிகழ்கின்றது. அறுபது வேலைகளின் பெயர் விரிந்து கிடக்கின்றது. அமர்ந்திருப்பவருக்கு வேண்டியவை ஐந்தோ ஆறோ. ஓட்டலில் வேண்டாத பண்டத்தின் பெயரைக் கேட்பதனால் கெடுதி ஏதுமில்லை. கணினியில் வேண்டாத பெயரின்மீது விரல் பட்டால், கணக்கு மாறிவிடக்கூடும்.

ஆகவே அமைப்பை எளிமையாக்குவதும் பாதுகாப்பதும் வேறு வேறு வேலைகளல்ல. ஒருவருக்கு அவருடைய கடமைக்கு வேண்டிய பட்டியலை மாத்திரம் காட்டிவிட்டால், அவருக்கு வேலையும் எளிதாகின்றது. பிறருடைய வேலையில் கை பட்டுப்போகும் அபாயமும் நீங்குகின்றது. மேலூர்ப் பகுதி விவசாயிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெரியாற்றுக் கால்வாயின் ஷட்டரை ஏற்றி இறக்குபவர் அரசின் லஸ்கர். கண்மாய்க்குள் வந்த நீரை மடை திறந்து வயல்களுக்குப் பங்கிடுபவர் ஊரால் அமர்த்தப்பட்ட நீர்ப்பாய்ச்சி. தன் வயலின் வாய்மடையை வெட்டி அடைப்பவர் விவசாயி. மூவரும் கையாளுவது ஒரே நீர். ஒவ்வொருவருக்கும் ஒரு கதவுதான். விவசாயிகள் எல்லோரிடமும் ஷட்டரின் திறவுகோலைக் கொடுத்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது.

இனி, ஒவ்வொருவருக்கும் எந்தக் கதவு என்று வகுக்கும் முறையைக் காண்போம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்க. இத்தகைய 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2022 ஜூன் மாதம் அங்கீகரித்தது. ஆதலால் இவ்வுதாரணம் விவசாயிகளுக்கு நெருங்கிய ஒன்றேயாகும். ஒரு பேச்சுக்காக, சங்கத்திலும் அதன் விற்பனைக் கடைகளிலுமாக இருபது பேர் பணிபுரிகின்றனர் எனவும், அமைப்பில் அறுபது வேலைகள் உள்ளன எனவும் கொள்வோம். ஆளுக்கு ஆள் தனித்தனியே 'இது உண்டு, இது இல்லை' என்று குறிப்பதாயின் 1,200 குறிகள் இட வேண்டும். இவ்வளவையும் பிழையின்றி இடுவார் எவருமிலர். இடுவதைவிடக் கடினம், பின்னர் ஒரு நாள் அது சரியாக உள்ளதா என்று தணிக்கை செய்வது.

இதற்குப் பதிலாக, ஆட்களை விட்டுவிட்டுப் பொறுப்புக்களை எண்ணுவோம். செயலர், எழுத்தர், காசாளர், நகை மதிப்பீட்டாளர், விற்பனையாளர் என ஐந்தே பொறுப்புக்கள். ஐந்து பொறுப்புக்கும் அறுபது வேலைக்கும் 300 குறிகள் ஒரு முறை இட்டால் போதும். பிறகு இருபது பேருள் இன்னார் இன்ன பொறுப்பு என்று இருபது குறிகள். ஆக மொத்தம் 320. உரக்கடைக்குப் புதிய விற்பனையாளர் ஒருவர் வந்தால் இட வேண்டியது ஒரே ஒரு குறி. அவர் விலகும்போது எடுக்க வேண்டியதும் அந்த ஒன்றே. விற்பனையாளர் திரையில் உர இருப்பு, விற்பனை, ரசீது, நாள் முடிவு என்பன போன்றவை மாத்திரம் தோன்றும். நகைக்கடன் வட்டி விகிதத்தைத் திருத்தும் பக்கம் அவர் கண்ணிற் படவே படாது. அதற்காக அவரை ஐயுறுகின்றோம் என்று பொருளன்று. நாளைக்கு அந்த விகிதம் மாறிக் கிடந்தால், அவர்மீது பழி வராதிருக்கவும் இதுவே காவல்.

பொறுப்பை வைத்து அனுமதி வழங்கும் இம்முறையை அமெரிக்காவில் பெராயோலோ, கூன் என்னும் இருவர் 1992ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி எழுதினர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கணினிக்குள் நுழைய இரகசியச் சொல் ஒன்றே காவல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கோர்பட்டோ என்பவரின் குழு அமைத்த கணினியில் 1960களின் தொடக்கத்தில் அம்முறை வந்தது. 1962ஆம் ஆண்டிலேயே ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சியாளர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய இரகசியச் சொற்களும் அடங்கிய கோப்பினை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்தவுடனே கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது எனலாம்.

பொறுப்புக்கு அனுமதி கொடாமல் ஆளை நம்பி நடத்தினால் என்னவாகும் என்பதை நமது மேலூர் வட்டமே கண்டிருக்கின்றது. 2001ஆம் ஆண்டு நவம்பரில் இங்கு 'சாரி' என்னும் திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யினர் உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி முறையைக்கொண்டு கிராமங்களில் இணைய நிலையங்கள் அமைத்தார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும், மேற்கூறிய மாசசூசெட்ஸ் கழகமும் இதில் பங்குகொண்டன. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று போன்றவற்றுக்கு மக்கள் மேலூருக்குப் பஸ் ஏறாமல் ஊரிலிருந்தே விண்ணப்பித்தனர். தொடக்கத்தில் நல்ல ஆதரவு இருந்தது. ஆயினும் அக்கறைகொண்டு பயிற்சியும் பெற்றிருந்த அலுவலர்கள் மாறுதலாகிப் போனதும், அச்சேவை தேய்ந்து நின்றுபோயிற்று. இயந்திரத்தின் கோளாறு இதற்குத் தலையான காரணமன்று. வேலை ஆட்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பதவியோடு ஒட்டவில்லை.

இப்போதுள்ள இ-சேவை முறையில் விண்ணப்பம் பதவிக்குச் செல்கின்றது. வருமானச் சான்று கோரும் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர் திரையிலும், பின் வருவாய் ஆய்வாளர் திரையிலும், பின் வட்டாட்சியர் அலுவலகத்திலுமாக முறையே ஏறிச் செல்லும். நேற்றிருந்தவர் மாறுதலாகி இன்று வேறொருவர் வந்தாலும், அப்பதவிக்குரிய கட்டு அவ்வாறே அவர் முன் நிற்கும்.

பஞ்சாயத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டம், காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும் என்று விதித்தது. ஒருவர் கை மாத்திரம் கஜானாவைத் திறக்கலாகாது என்பதே கருத்து. கணினியிலும் இக்கருத்தே பேணப்பட்டுள்ளது. செலவுச் சீட்டைப் பதிபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், பணம் விடுவிக்கும்போது இருவருடைய மின்கையொப்பம். இக்கையொப்பம் விரலளவு கருவி ஒன்றில் அடங்கியுள்ளது. டோக்கன் என்றும் டி.எஸ்.சி. என்றும் அலுவலகங்களில் இதனைக் குறிக்கின்றனர். அதனைக் கணினியிற் செருகி, அதற்கான எண்ணைத் தட்டினால் ஒப்பம் விழுந்துவிடும். எவர் செருகினார் என்று கணினி அறியாது.

இங்குதான் அங்கத்தினர்கள் கண் விழிப்புடன் இருக்க வேண்டும். தலைவருடைய டோக்கனும் துணைத்தலைவருடைய டோக்கனும் ஒரே மேஜை அறையில், எண்கள் எழுதிய துண்டுச் சீட்டோடு கிடந்தால், சட்டம் கேட்ட இரு கையொப்பமும் ஒரே கையிற் போய்ச் சேர்கின்றன. கணக்கில் இரு பெயர், செய்கையில் ஓராள். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்கையொப்பத்திற்கு உரியவர் அதனைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக் காக்கக் கடமைப்பட்டவர் என்கின்றது. அது பிறர் வசமாகிவிட்டால் சான்று வழங்கிய நிறுவனத்துக்கு உடனே அறிவித்தாக வேண்டும். அறிவிக்கும்வரை பொறுப்பு உரியவரையே சாரும். "நான் தொடவே இல்லை" என்பது அப்போது சமாதானமாகாது.

ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணும் அத்தகையதே. தலைவர் பெயரிலுள்ள லாகினுக்கு யாருடைய கைப்பேசி எண் பதிவாகியுள்ளது என்று கேட்டுப் பாருங்கள். பதிவு செய்த அன்று அவசரத்திற்குக் கணினி இயக்குபவர் தம் எண்ணைக் கொடுத்திருப்பார். பின்பு அதுவே நிலைத்துவிடும். வாசற்கதவு தலைவருடையது, தாழ்ப்பாள் வேறொருவருடையது.

2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக உள்ளாட்சிகளில் சரிபாதி இடங்கள் மகளிருக்குரியன. தலைவியின் டோக்கனைக் கணவரோ உறவினரோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உலவுவது குடும்ப விஷயமன்று, சட்ட விஷயம். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துக்களில் இது மேலும் கவனிக்கத்தக்கது. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவியை உரியவர் ஏற்று நடத்த இயலாதிருந்து, 2006ஆம் ஆண்டிலேதான் தேர்தல் முறையாக நடந்தேறியது. அத்துணைப் பாடுபட்டுப் பெற்ற ஒப்பமிடும் உரிமை, ஒரு சிறு கருவியோடு கைமாறிப் போக விடலாமா?

பதவிக்காலம் முடியும் நாளும் கவனத்துக்குரியது. மதுரை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிவுற்றுத் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும் உள்ள பஞ்சாயத்துக்கள் அனைத்திலும் ஒரே நாளில் ஒப்பமிடும் அதிகாரம் மாறியது. இவ்வாறு மாறும்போதெல்லாம் காசோலைப் புத்தகம், ரொக்கப் புத்தகம், முத்திரை ஆகியவற்றை எண்ணி ஒப்படைப்பது பழைய வழக்கம். அப்பட்டியலில் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பழையவரின் மின்கையொப்பப் பதிவு நீக்கப்பட்டதா, லாகினின் இரகசியச் சொல்லும் கைப்பேசி எண்ணும் மாற்றப்பட்டனவா, நின்றுபோன தற்காலிக ஊழியரின் பெயரில் ஏதேனும் கதவு திறந்தே கிடக்கின்றதா என்பவை. சங்கமாயினும் பஞ்சாயத்தாயினும், எந்த எந்தப் பெயரில் எந்த எந்த அனுமதி உள்ளது என்ற பட்டியலை அச்சிட்டு ஆண்டுக்கிரு முறை கூட்டத்தில் வைத்துப் படித்தால், அரைமணி நேரத்தில் முடியும் வேலை இது.

மெனுவின் மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வேலையின் பெயர் அலுவலகத்தில் வழங்கும் பெயராகவே இருத்தல் வேண்டும். 'பட்டா மாறுதல்' என்று ஊரார் அறிந்ததை ஒரு பக்கத்தில் 'உரிமை மாற்றம்' என்றும், மறுபக்கத்தில் வேறு விதமாகவும் எழுதினால், மூன்றும் ஒன்றுதானா என்ற ஐயம் எழும். அன்றாட வேலை மேலே, ஆண்டுக்கொரு முறை செய்வது கீழே. அழிப்பதும் திருத்துவதும் தனியே ஒரு மூலையில், மறுபடி கேட்டு உறுதிசெய்யும் ஏற்பாட்டோடு இருப்பது நன்று. மென்பொருளை எழுதுவது பஞ்சாயத்தின் கையில் இல்லை. எனினும் எந்தப் பெயர் குழப்புகின்றது, எந்தப் பக்கம் வேண்டாதது என்பதை எழுத்தில் ஒன்றிய அலுவலகத்துக்குத் தெரிவிப்பது நம் கையிலுண்டு. நாள்தோறும் அத்திரையின் முன் அமர்பவருக்கே அது தெரியும்.

எழுதும் உரிமையைத்தான் இவ்வளவு இறுக்க வேண்டுமே தவிர, பார்க்கும் உரிமையை அன்று. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் லாகின் ஏதுமின்றி எந்தக் குடிமகனும் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், பஞ்சாயத்து, நிதியாண்டு என வரிசையாகத் தேர்ந்து தன் ஊரின் திட்டத்தையும் செலவையும் காணலாம். கைப்பேசியில் 'மேரி பஞ்சாயத்து' என்னும் செயலியிலும் காணலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களுக்கு முன்னர் அப்பக்கங்களை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், கைப்பேசி இல்லாதவரும் படித்துக்கொண்டு சபைக்கு வருவர்.