குத்தகைப் பேரேட்டில் கொள்ளுத் தாத்தா

ஸ்காட்லாந்தின் பண்ணைக் கணக்குகள் வசூலுக்காக எழுதப்பட்டவை. இன்று அவற்றைப் புரட்டுபவர்கள் தேடுவது தங்கள் முன்னோரை.

எடின்பரோவின் பிரின்சஸ் வீதி கிழக்கே முடியும் இடத்தில், குதிரை மேல் அமர்ந்த வெலிங்டன் பிரபுவின் சிலைக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1774-இல் கட்டத் தொடங்கியது. ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமையகம் அதுதான். உள்ளே இருப்பவை அரசாங்கத்தின் காகிதங்கள் மட்டுமல்ல. நாட்டின் பெரிய நிலப்பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த பண்ணைக் கணக்குகளும் நன்கொடையாகவும் அடைக்கலமாகவும் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. யார் எவ்வளவு குத்தகை கொடுத்தார், யார் பாக்கி வைத்தார், யார் எத்தனை கோழி தர வேண்டும் என்ற விவரங்கள்.

இவற்றைப் பார்க்க கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பேனாவை எடுத்து வைத்துவிட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, மங்கிய மசியில் ஒரு பெயரைத் தேடுகிறார்கள். கிடைத்தால் பெரும்பாலும் ஒற்றை வரிதான்: ஊர், பெயர், தொகை.

அந்த ஒற்றை வரிக்கு இவ்வளவு மதிப்பு வரக் காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதிவு செய்ய ஆரம்பித்தது 1855-இல்தான். அதற்குப் பிந்தைய சான்றிதழ்கள் தாராளமானவை. இறந்தவரின் தந்தை பெயரோடு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். 1841-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பெயர்கள் கிடைக்கின்றன. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுதான் கதி. இருப்பதிலேயே பழையது, பெர்த்ஷயரிலுள்ள எரல் ஊர்ப் பதிவேடு. அது 1553-இல் தொடங்குகிறது. ஆனால் வடக்கே மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் பல ஊர்களில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை பதிவேடே கிடையாது. இருந்தவையும் முழுமையில்லை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வேறு. கத்தோலிக்கர்களும், அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்து போனவர்களும் அந்த ஏடுகளில் அகப்படுவது அபூர்வம்.

பாதிரியார் அசட்டையாக இருக்கலாம், நிலப்பிரபு இருக்க முடியாது. மே மாதம் விட்சன், நவம்பரில் மார்ட்டின்மஸ் என்று ஆண்டுக்கு இரண்டு தவணை. தவணை வந்தால் பண்ணைக் காரியஸ்தர் பேரேட்டைத் திறந்தாக வேண்டும்.

இதைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வருஷத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றும் தேறாது. இருபது, முப்பது வருஷக் கணக்குகளை வரிசையாக வைத்து, ஒரே ஊரின் கீழ் அதே வரியைத் தொடர்ந்து போக வேண்டும். பல வருஷம் ஒரு ஆண் பெயர் வரும். பிறகு ஒரு தவணையில் அந்த இடத்தில் 'இன்னாரின் விதவை' என்று இருக்கும். இன்னும் சில வருஷம் கழித்து மகனின் பெயர். இறந்த தேதி எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் இரண்டு தவணைகளுக்கு நடுவில் அது அகப்பட்டுவிடுகிறது. பெண்கள் இந்தக் கணக்கில் தலைகாட்டுவது அநேகமாக இப்படி விதவையான பிறகுதான்.

ஏமாறவும் இடமுண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்பது அங்கே பரவலான வழக்கம். நமக்கு இது புதிதல்ல. ஆக அறுபது வருஷம் ஒரே பெயர் தொடர்ந்தால் அவர் தீர்க்காயுசு என்று மகிழ்ந்துவிடக் கூடாது; பாட்டனும் பேரனுமாக இருக்கலாம். ஒரே ஊரில் மூன்று ஜான் கேம்பெல்கள் இருந்தால் கணக்கர் 'கறுத்த ஜான்', 'செந்தலை ஜான்', 'சின்ன ஜான்' என்று அடையாளம் சேர்த்து எழுதுவார். அதுவும் கேலிக் மொழியில் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் அவருக்குத் தோன்றியபடி. அடுத்த கணக்கருக்கு வேறு விதமாகத் தோன்றும்.

தொகையைப் படிப்பதும் சுலபமல்ல. ஸ்காட்லாந்து பவுண்டு, இங்கிலாந்துப் பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 'மெர்க்' என்பது ஸ்காட்லாந்து பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 1707-இல் இரு நாடுகளும் இணைந்து நாணயம் ஒன்றான பிறகும் பல பண்ணைகள் பழைய கணக்கை விடவில்லை. இதைக் கவனிக்காமல் கொள்ளுத் தாத்தாவைப் பணக்காரராக்கி விடுகிறவர்கள் உண்டு.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏடுகளின் சொற்கள் ஒரு தனி சுவாரஸ்யம். 'டாக்' என்றால் குத்தகை. 'வாட்செட்' என்றொரு ஏற்பாடு: கடன் கொடுத்தவர் நிலத்தை வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதில் அதன் வருமானத்தை அனுபவிப்பார், பணம் திரும்பினால் நிலம் திரும்பும். ஆங்கில அகராதி இதை விளக்க ஒரு பத்தி எடுத்துக்கொள்கிறது. நமக்கு 'ஒற்றி' என்ற ஒரு சொல் போதும். ரொக்கம் போக ஓட்ஸ் மாவு, வெண்ணெய், ஆடு, கோழி என்று தானமாகத் தருவதுபோல் தர வேண்டியவை தனிப் பத்தியில் இருக்கும். இவற்றுக்கும் மேலாக, பிரபுவின் வயலில் இத்தனை நாள் அறுவடை, இத்தனை நாள் எரிகரி வெட்டுவது என்று கூலியில்லாத வேலை. சோழர் கல்வெட்டில் 'வெட்டி' என்று வருமே, அதேதான்.

எந்தப் பண்ணையின் ஏட்டைத் தேடுவது? 1855-க்குப் பிந்தைய சான்றிதழிலோ கணக்கெடுப்பிலோ ஊர்ப் பெயர் கிடைக்கும். அதே ஆண்டு தொடங்கிய சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்களில் அந்த ஊர் யாருடையது, யார் குடியிருந்தார் என்று இருக்கும். நம் சிட்டா, அடங்கலைப் புரட்டியவர்களுக்குக் கை தானாகப் போகும். உடைமையாளர் தெரிந்துவிட்டால், அவர் குடும்பத்துக் காகிதங்கள் இருக்குமிடம் தெரிந்துவிடும். பெர்த்ஷயரிலும் ஆர்கைலிலும் பரந்து கிடந்த பிரெடால்பேன் பண்ணையின் கணக்குகள் எடின்பரோ காப்பகத்தில் உள்ளன. சதர்லாந்து பண்ணையினுடையவை அதே நகரின் தேசிய நூலகத்தில். ஆர்கைல் பிரபு குடும்பத்தினுடையவை இன்வரரேயில் குடும்பத்தாரிடமே இருக்கின்றன.

ஆர்கைல் ஏடுகளில் ஓர் அதிசயம் உண்டு. 1779-இல் ஐந்தாவது ஆர்கைல் பிரபு, தன் நிலங்களில் வாழ்பவர்களின் பட்டியலைத் தயாரிக்கச் சொன்னார். குத்தகை கொடுப்பவர்கள் மட்டுமல்ல, பெண்கள், குழந்தைகள், வேலைக்காரர்களும். பல இடங்களில் வயதும் உண்டு. பிரிட்டனின் முதல் பொதுக் கணக்கெடுப்புக்கு 22 வருஷம் முந்தியது இது. டைரி, மல் தீவுகளில் வேர் உள்ளவர்களுக்கு இது புதையல்.

இன்னொரு வகை, பறிமுதல் செய்யப்பட்ட பண்ணைகளின் கணக்கு. 1746-இல் கலோடன் போரில் ஸ்டுவர்ட் வம்சத்தை ஆதரித்தவர்கள் தோற்றதும், அந்தப் பிரபுக்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1752-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றில் பல நிரந்தரமாக அரசுடைமை ஆயின. 1784-இல்தான் பழைய குடும்பங்களுக்குத் திரும்பின. அரசு அதிகாரிகள் குடியானவர்களை அழைத்து, என்ன கொடுக்கிறாய், யாருக்குக் கொடுக்கிறாய் என்று சத்தியம் வாங்கிக் கேட்டு எழுதினார்கள். கேலிக் மட்டும் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பில் பிழைக்கும் எனக்கு அந்த ஆள் மீது தனிப் பிரியம். ஒரு சமூகத்தின் பெயர்களெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்திருக்கின்றன.

நம் கடற்கரையிலும் இந்தக் கதைக்கு ஒரு தொடர்பு உண்டு. 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ, ராஸ் பகுதியின் நோவார் பண்ணைக்குச் சொந்தக்காரர். இந்தியாவில் சேர்த்த செல்வத்தை அந்தப் பண்ணையில் கொட்டினார். அருகிலுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் என்று சொல்லப்படும் ஒரு நினைவுச் சின்னத்தைக் கட்டினார். உள்ளூர் ஏழைகளுக்கு வேலை தருவதற்காக என்பது வழிவழியாக வரும் விளக்கம். வளைவுகள் இன்றும் நிற்கின்றன. 1792-இல் அதே ராஸ் பகுதியில்தான் மக்கள் திரண்டு, தங்கள் மேய்ச்சலைப் பறித்த செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். படை வந்து அடக்கியது.

ஆடுகள் வந்த பிறகு பேரேட்டின் தோற்றமே மாறுகிறது. சதர்லாந்து பண்ணையின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் பெயர்கள் வரிசையாக இருந்தன. 1814-லும் 1819-லும் நடந்த வெளியேற்றங்களுக்குப் பின், பரந்த நிலப்பரப்புக்கு எதிரே ஒரே பெயர்: ஆட்டுப் பண்ணைக் குத்தகைதாரர். 1814-இல் வெளியேற்றத்தை முன்னின்று நடத்திய பேட்ரிக் செல்லர், வாடகை வசூலித்த பண்ணை அதிகாரி. காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவரே. வீடுகளுக்குத் தீ வைத்ததாகவும் சாவுக்குக் காரணமானதாகவும் 1816-இல் இன்வர்னஸில் அவர் மீது வழக்கு நடந்தது. விடுதலையானார். கணக்கு ஏட்டில் இந்தக் கலவரம் எதுவும் தெரியாது. வாடகை மொத்தம் மட்டும் ஏறியிருக்கும்.

குடியானவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. ஸ்ட்ராத்நேவர் மக்களுக்கு அது எழுபது வருஷத் தாமதம்.

பேரேட்டை நம்பி வருபவர்களில் பலர் வெறுங்கையுடன் திரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நிலப்பிரபுவுக்கு நேரடியாகப் பணம் கட்டியவர் பெயர்தான் அதில் இருக்கும். 'டாக்ஸ்மன்' எனப்பட்ட பெரிய குத்தகைதாரர் ஊர் முழுவதையும் எடுத்து உள்குத்தகைக்கு விட்டிருந்தால், கணக்கில் ஒரு பெயர், ஊரில் நூறு பேர். குடிசை போட்டு உழைத்தவர்களும் கூலிகளும் அந்த ஏட்டைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. இப்படிப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு விஷயம் தெரிந்தவர்கள் காட்டும் வழி வேறு: மாவட்டக் கோர்ட்டுக் கட்டுகள். விட்சன் தவணைக்கு 40 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துத்தான் குடியானவரை வெளியேற்ற முடியும் என்பது பழைய சட்டம். அந்த மனுவில் ஆட்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். உள்குத்தகைதாரர்களும் குடிசைவாசிகளும் அதில் உண்டு. தவணைதோறும் கணக்கு எழுதியவர்கள் சேர்க்காத பெயர்கள், வெளியேறச் சொல்லும் மனுவில் ஊர்வாரியாக வரிசையாக இருக்கின்றன.