மிதித்தவுடன் வண்டி பாய வேண்டுமா? எந்த சென்சாரை நம்புவது?

பச்சை விளக்கு எரிகிறது. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்கிறார். வண்டி பாயவில்லை. மூச்சுத் திணறியதுபோல் ஒரு கணம் முக்குகிறது; பிறகுதான் துள்ளிக் கிளம்புகிறது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு கணமே ஆபத்தாகிவிடும்.

கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய கம்ப்யூட்டரைப் பொருத்திய வண்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி தலைகாட்டும். பெட்ரோல் பம்ப் போச்சு, இஞ்செக்டர் போச்சு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. ஆனால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. மிதி அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது என்பதில்தான் இருக்கிறது.

சுவரில் ஒட்டும் பெட்ரோல்

இஞ்செக்டர் பீய்ச்சும் பெட்ரோல் முழுவதும் உடனே சிலிண்டருக்குள் போய்விடுவதில்லை. ஒரு பகுதி காற்றுக் குழாயின் சுவரில் ஈரப்படலமாக ஒட்டிக்கொள்கிறது. இஞ்சின் சும்மா ஓடும்போது குழாயில் காற்றழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான். அழுத்தம் குறைவாக இருப்பதால் பெட்ரோல் எளிதில் ஆவியாகிறது. சுவரில் ஈரமும் குறைவு.

மிதியை அழுத்தினால் திராட்டில் திறந்து காற்று குபீரென்று நுழைகிறது. அழுத்தம் 100 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. இப்போது சுவரில் அதிக பெட்ரோல் ஒட்டுகிறது. சிலிண்டருக்குக் காற்று மிகுதியாகவும் பெட்ரோல் குறைவாகவும் போகிறது. அதனால்தான் இஞ்சின் முக்குகிறது.

கார்புரேட்டர் காலத்தில் இதற்கென்றே ஒரு சின்ன பம்ப் இருந்தது. மிதித்ததும் அது ஒரு சொட்டு பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். இப்போது அந்த வேலை கம்ப்யூட்டருடையது. கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. சென்சார்தான் கண்.

முதல் சாட்சி: திராட்டில் சென்சார்

திராட்டில் தண்டின் முனையில் மூன்று ஒயர்களுடன் இருப்பது இது. திராட்டில் திறக்கத் திறக்க இதன் வோல்டேஜ் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது. மிதித்த கணமே சேதி போய்விடும் என்பதே இதன் சிறப்பு.

வேகம் ஏன் முக்கியம்? நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒரு சிலிண்டர் 120 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். சேதி கொஞ்சம் தாமதித்தால் அந்த முறை தவறிவிடும். அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

குறையும் உண்டு. மெதுவாக ஓடும் இஞ்சினுக்குப் பாதி திராட்டிலே வேண்டிய காற்றைக் கொடுத்துவிடும். அதற்குமேல் மிதித்தால் காற்று கூடாது. சென்சார் மட்டும் கூடியதாகச் சொல்லும். வீண் பெட்ரோல் போய்க் கரும்புகை கிளம்பும். தேய்ந்த சென்சாராக இருந்தால் வோல்டேஜ் அங்கங்கே குதித்து, மிதிக்காதபோதே மிதித்ததாகப் பொய் சொல்லும்.

இரண்டாம் சாட்சி: அழுத்த சென்சார்

'மேப்' என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். காற்றுக் குழாயின் அழுத்தத்தை நேரே அளப்பதால், இஞ்சினுக்குள் உண்மையில் நடப்பதைச் சொல்லும். வீண் பெட்ரோல் போகாது. டர்போ இஞ்சினில் மிதி அசையாமல் இருக்கும்போதே அழுத்தம் ஏறும். திராட்டில் சென்சார் அதை அறியாது, இது அறியும்.

ஆனால் சேதி சற்றுத் தாமதமாக வரும். ரப்பர் குழாய் நீளமானால் தாமதம் இன்னும் கூடும். சிலிண்டருக்கு ஒரு திராட்டில் வைத்த பந்தய இஞ்சின்களில் அழுத்தம் ஓயாமல் துடிப்பதால், மிதித்ததால் வந்த ஏற்றம் எது, வெறும் துடிப்பு எது என்று பிரிப்பது கடினம்.

எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை இதற்கு நம்ப முடியாது. எரிந்து முடிந்த பிறகே அது பேசும். சரிபார்க்க உதவும்; முன்கூட்டிச் சொல்ல உதவாது.

முடிவு என்ன?

1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வந்த பாஷ் கம்பெனியின் 'டி-ஜெட்ரானிக்' முறையிலேயே இரண்டும் இருந்தன: அழுத்த சென்சாரும், மிதிக்கும்போது கூடுதல் துடிப்புகள் தரும் திராட்டில் ஸ்விட்சும். அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் 2001-ல் வெளியிட்ட, சொந்தமாகப் பற்றவைத்துச் செய்துகொள்ளும் 'மெகாஸ்குவர்ட்' கம்ப்யூட்டரின் பிந்தைய ரகங்களில் இரண்டையும் கலந்து, இதற்கு இவ்வளவு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண இஞ்சினுக்குத் திராட்டில் சென்சாரை முதன்மையாக வைத்து, அழுத்த சென்சாரைத் துணையாக வைப்பது நல்லது. தனித்தனி திராட்டில் இருந்தால் திராட்டில் சென்சாரையே நம்ப வேண்டும். டர்போ இருந்தால் அழுத்த சென்சாருக்குப் பங்கைக் கூட்டலாம். அப்போது 2 பார் அல்லது 3 பார் ரகம் தேவை. 1 பார் ரகம் டர்போ அழுத்தத்தைக் காணாது.

பழைய சாமான் கடையில் வாங்குவோர் ஒன்று கவனிக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் இருப்பது சென்சார் அல்ல, வெறும் ஸ்விட்ச். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். 5 வோல்ட் கொடுத்து மெதுவாகத் திருப்பி மீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். வோல்டேஜ் குதிக்காமல் சீராக ஏறினால் வாங்கலாம்.

பொருத்திய பின்னும் அவசரம் கூடாது. நிதானமாக ஓடும்போது பெட்ரோல் கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதன் பிறகே இதில் கை வைக்க வேண்டும். முக்கிப் பின்னோக்கி வெடித்தால் பெட்ரோல் போதவில்லை. மந்தமாகிக் கரும்புகை வந்தால் அதிகம். குளிர்ந்த இஞ்சினுக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை, கோவை பந்தயத் திடல்களுக்கு இந்த வேலை பொருந்தும். சாலையில் ஓடும் வண்டிக்கு அப்படியல்ல. பதிவான வண்டியைக் கம்பெனியின் விவரத்துக்கு மாறாக மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வாடிக்கையாளர் ஆசைப்பட்டாலும், கை வைக்கும் மெக்கானிக் அதை முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.