பழைய கட்டற்ற மென்பொருளைக் காத்தல்

கட்டற்ற மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பது ஏன் என்பதை யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் கோப்புகளே விளக்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முதல் ஆண்டுகளில் மின்னூல்களைத் திஸ்கி குறியேற்றத்திலும் வெளியிட்டது. சாந்தோமில் அக்காலத்தில் நான் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் அதில்தான் உள்ளன; இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன.

திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என மூன்றாகச் சேமிக்கப்படும். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னர். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். அந்த விதி பழைய மாற்றி நிரல்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நல்லவேளையாக, குனு சி நூலகத்தின் 'ஐகான்வ்' கருவியில் திஸ்கி இன்றும் உண்டு. மூலநிரல் திறந்திருப்பதால் மாணவர்கள் படித்தே பார்க்கலாம்.

எல்லா நிரலுக்கும் இந்த நற்பேறு இல்லை. பல திட்டங்களுக்கு இடம் தந்த கூகுள் கோடு 2016 ஜனவரியில் மூடப்பட்டது. பழைய பதிப்பைத் தேடுவோர் இணைய ஆவணகத்தையும், 2016-இல் அறிவிக்கப்பட்ட சாப்ட்வேர் ஹெரிடேஜ் களஞ்சியத்தையும் பார்க்கலாம். வீட்டுக் குறுவட்டுகளையும் மறக்க வேண்டாம். கிடைத்த பொதியைப் பிரித்துத் திருத்தாமல், உரிமக் கோப்போடு அப்படியே இரண்டு இடங்களில் வைத்து, அதன் ஷா-256 எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.